சிசர் லிஃப்ட் பாதியில் நின்றால்: அறிகுறியைப் பார்த்துக் காரணம் தேடுவது எப்படி?

"அண்ணே, வண்டி வேலை செய்யவில்லை." காலை பத்தரை மணிக்கு வரும் அழைப்பு பெரும்பாலும் இப்படித்தான் தொடங்கும். சிசர் லிஃப்ட் என்பது கத்தரிக்கோல் போல மடங்கி விரியும் இரும்புக் கைகளால் ஆளை மேடையோடு தூக்கும் வண்டி. ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கத்து ஆலைகளுக்கு வாடகைக்குப் போகும் அந்த லிஃப்டுகளைப் பழுது பார்ப்பது என் பிழைப்பு. வேலை செய்யவில்லை என்றால் எது செய்யவில்லை? ஏறவில்லையா, இறங்கவில்லையா, நகரவில்லையா, விளக்கே எரியவில்லையா? இதற்குச் சரியான பதில் கிடைத்தாலே பாதி அழைப்புகள் நான் பைக்கை எடுக்காமலே முடிந்துவிடும்.

மீதிப் பாதிக்கு இன்னொரு கேள்வி உண்டு. வண்டி கெட்டுவிட்டதா, மறுக்கிறதா? தரை சாய்ந்திருந்தால் ஏற மறுக்கும். எடை கூடினால் அசைய மறுக்கும். சார்ஜர் மாட்டியிருந்தால் நகர மறுக்கும். இவையெல்லாம் அதற்குள் வைத்துச் செய்த குணங்கள். மறுக்கிற வண்டியைக் கெட்டுப்போன வண்டி என்று எண்ணி, ஒரு சுவிட்சைக் கட்டிவைத்து ஓட்டியவர்களின் வேலையை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அதனால் கீழே ஒவ்வொரு அறிகுறியிலும் முதலில் மறுப்பைத் தேடுகிறேன், பழுதைப் பிறகுதான்.

நான் சொல்வது ஆலைக்கூரைக்குள் ஓடும் மின்சார சிசர் லிஃப்டுகளைப் பற்றி. அதாவது 19 அடி, 26 அடி வகைகள். அந்த 19 அடி என்பது மேடை எட்டும் உயரம், சுமார் 5.8 மீட்டர். அதன்மேல் ஓர் ஆள் நின்று கை தூக்கும் கணக்கு 2 மீட்டர் சேர்த்து 7.8 மீட்டர் 'வேலை உயரம்' என்று விளம்பரத்தில் போடுவார்கள். இரண்டையும் குழப்பிக்கொண்டு சின்ன வண்டியை வரவழைத்துவிட்டு, மேடைக் கம்பியின்மீது ஏறி நின்று எட்டிப் பிடிக்கப் பார்ப்பது பழுதில் சேராது. ஆனால் அது எல்லாப் பழுதையும்விட மோசம். நீண்ட ஒற்றைக் கையால் ஆளைத் தூக்கும் பூம் லிஃப்டின் கதை வேறு. அதை இங்கே இழுக்கவில்லை.

கை வைப்பதற்கு முன்னால்

மேடை உயர்ந்திருக்கும்போது கத்தரிக்கோல் கைகளுக்கு நடுவே தலையையோ கையையோ நுழைக்காதீர்கள். உள்ளே பார்த்தே ஆகவேண்டும் என்றால், வண்டியிலேயே பொருத்தியிருக்கும் தாங்குகம்பியை, அதாவது சேஃப்டி ஆர்மை, இறக்கி நிறுத்திய பிறகுதான். மேடையில் ஆள், எடை எதுவும் இருக்கக்கூடாது. பயிற்சி பெற்ற ஆபரேட்டர் செய்யக்கூடியது எது, மெக்கானிக் மட்டும் தொட வேண்டியது எது என்று அந்தந்த இடத்தில் சொல்கிறேன்.

அறிகுறி: சாவி திருப்பினாலும் ஒன்றுமே நடக்கவில்லை

விளக்கு இல்லை, சத்தம் இல்லை, திரை இருட்டு. பதறாமல் சிவப்புக் குமிழ்களைப் பாருங்கள். எமர்ஜென்சி ஸ்டாப் இரண்டு உண்டு: ஒன்று கீழே அடிச்சட்டத்தில், இன்னொன்று மேலே கட்டுப்பாட்டுப் பெட்டியில். இரண்டும் வெளியே இழுத்த நிலையில் இருக்க வேண்டும். முந்தைய நாள் ஆபரேட்டர் ஒழுங்கானவராக இருந்தால் கீழ்க் குமிழை அழுத்திவிட்டுப் போயிருப்பார். காலையில் வருகிறவர் மேல்குமிழை மட்டும் இழுத்துப் பார்த்துவிட்டு எனக்குப் போன் செய்வார்.

அடுத்தது சாவி. கீழே இருக்கும் சாவிக்கு மூன்று நிலை: தரை, அணைப்பு, மேடை. தரை நிலையில் இருந்தால் மேலே என்ன அழுத்தினாலும் கேட்காது. மேடை நிலையில் இருந்தால் கீழே உள்ள ஏற்று பட்டன் கேட்காது. கீழிருந்து ஏற்றிப் பார்த்து வண்டி ஏறுகிறது, மேலிருந்து மட்டும் இல்லை என்றால், பேட்டரி, பம்ப், ஹைட்ராலிக் எல்லாம் நலம். கோளாறு மேல்பெட்டியில், அல்லது அதிலிருந்து கீழே போகும் கேபிளில். இந்த ஒரே சோதனையால் தேட வேண்டிய இடம் பாதியாகக் குறைகிறது. ஆகவே எந்தப் பழுதானாலும் முதலில் இதைச் செய்யுங்கள்.

இரண்டு குமிழும் வெளியே, சாவி சரியான இடத்தில், இருந்தும் உயிரில்லை என்றால் பேட்டரித் தட்டைத் திறந்து கேபிள் முனைகளைப் பாருங்கள். பச்சையும் வெள்ளையுமாகப் பூத்திருக்கும். சில வண்டிகளில் பேட்டரிக் கேபிளைப் பிரிக்க ஒரு பெரிய பிளக் இருக்கும். அது பாதி கழன்றிருந்தாலும் இதே மௌனம்தான். ஃபியூஸ் போயிருந்தால் அதே ஆம்பியரில் போடுங்கள். ஃபியூஸ் இருந்த இடத்தில் சிகரெட் அட்டையின் ஜிகினாத் தாளைச் சுருட்டி வைத்திருந்த வண்டி ஒன்று என்னிடம் வந்தது. ஒயர் முழுவதும் உருகி ஒட்டிக்கொண்டிருந்தது.

அறிகுறி: விளக்கு எரிகிறது, ஜாய்ஸ்டிக்கைத் தள்ளினால் அசைவில்லை

ஜாய்ஸ்டிக்கின் முன்பக்கம் துப்பாக்கி விசை போல ஒன்று இருக்கும். அதை அழுத்திப் பிடித்துக்கொண்டு தள்ளினால்தான் வண்டி கேட்கும். உடம்பு தற்செயலாக மோதினால் வண்டி ஓடிவிடக்கூடாது என்பதற்காக வைத்தது. சிலர் இந்த விசையை இன்சுலேஷன் டேப்பால் சுற்றி நிரந்தரமாக அழுத்திவைப்பார்கள், விரல் வலிக்கிறது என்று. பல வண்டிகள் சாவி போடும்போதே அதைக் கண்டுபிடித்துக் கோளாறு எண் காட்டி நின்றுவிடும். டேப்பைப் பிரித்து, ஜாய்ஸ்டிக் நடுவில் நிற்கிறதா என்று பார்த்து, குமிழை அழுத்தி மறுபடி இழுங்கள். பெரும்பாலும் சரியாகிவிடும்.

ஏற்றுவதா, ஓட்டுவதா என்று தேர்ந்தெடுக்கும் பட்டனும் உண்டு. தேர்ந்தெடுத்துவிட்டுச் சில நொடி சும்மா இருந்தால் தேர்வு தானே ரத்தாகும். மறுபடி அழுத்த வேண்டும்.

இதற்கும் மசியவில்லை என்றால் கேபிளைப் பாருங்கள். பெட்டியிலிருந்து சுருள் சுருளாகத் தொங்கும் கேபிள் பிளக்கில் சேருகிற இடத்தில்தான் ஒடியும். பெட்டியைக் கம்பியிலிருந்து கழற்றி, கேபிளைப் பிடித்துத் தொங்கவிட்டு இறக்குகிற பழக்கம் அதன் ஆயுளைக் குறைக்கும். பிளக்கை மெதுவாக அசைக்கும்போது திரை விட்டு விட்டு எரிந்தால் அங்கேதான் கோளாறு. ஜீனி நிறுவனத்தின் ஜி.எஸ். வரிசை வண்டிகளில் இது 02 என்ற எண்ணாக வரும். மேலும் கீழும் பேசிக்கொள்ள முடியவில்லை என்று பொருள். அதே வரிசையில் சி.எச். என்று வந்தால் பழுது எதுவும் இல்லை, சாவி தரை நிலையில் இருக்கிறது என்பதுதான் செய்தி. மற்ற நிறுவனங்களின் எண் வேறு, ஆகவே வண்டியோடு வரும் கையேட்டுப் பெட்டியைக் காலி பாட்டில் போடும் இடமாக்காதீர்கள்.

அறிகுறி: ஓடுகிறது, ஆனால் ஏறவில்லை, அல்லது கொஞ்சம் ஏறி நின்றுவிடுகிறது

இந்த அறிகுறியில்தான் சுவிட்சைக் கட்டுக்கம்பியால் கட்டிவைக்கிற வேலை அதிகம் நடக்கிறது. அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதலில் எடை. 19 அடி வண்டிகள் பலவற்றில் மேடையின் தாங்குதிறன் 227 கிலோ. இரண்டு ஆள் ஏறினால் 150 கிலோ போய்விட்டது. மிச்சம் இருப்பது 77 கிலோ. அதில் டிரில் மெஷின், ஒரு கட்டு திரெட் ராட் (மரையிட்ட கம்பி), கிளாம்பு மூட்டை, தண்ணீர் கேன் எல்லாம் அடங்க வேண்டும். முன்னால் இழுத்து நீட்டும் மேடைப்பகுதிக்குத் தனிக் கணக்கு: பல மாடல்களில் 113 கிலோ. ஆளும் பொருளும் நீட்டிய முனையில் சேர்ந்து நின்றால் மொத்த எடை சரியாக இருந்தாலும் அங்கே கணக்குத் தப்பும். எடை உணரும் கருவி உள்ள வண்டிகள் அலறிக்கொண்டு எல்லா அசைவையும் நிறுத்திவிடும், ஜீனியில் ஓ.எல். என்று காட்டும். பொருளைக் குறைத்தால் தானே விடும். கருவி இல்லாத பழைய வண்டி அலறாது. திணறி ஏறும், அல்லது ஹைட்ராலிக் அழுத்த வால்வு திறந்துகொண்டு பம்ப் மட்டும் உறுமும். அந்த வால்வின் திருகை இறுக்கினால் அதிக எடை ஏறும் என்று யாராவது யோசனை சொன்னால், அவரை வண்டிப் பக்கமே விடாதீர்கள்.

இரண்டாவது, குழித்தகடு. மேடை எழும்பத் தொடங்கும்போது அடிச்சட்டத்தின் இரு பக்கமும் நீளமான இரும்புத் தகடுகள் கீழே இறங்குவதைக் கவனித்திருப்பீர்கள். தகட்டுக்கும் தரைக்கும் இடையே இரண்டு சென்டிமீட்டர் அளவுதான் மிஞ்சும். சக்கரம் குழியில் இறங்கினால் தகடு தரையில் உட்கார்ந்து வண்டி சரியாமல் பிடிக்கும். தகடு முழுதாக இறங்கியதா என்று ஒரு லிமிட் சுவிட்ச் பார்த்துக்கொண்டே இருக்கும். இறங்கவில்லை என்றால் இரண்டு மீட்டர் உயரத்துக்குமேல் விடாது. ஜீனியில் எண் 18. என்ன தடுக்கிறது என்று குனிந்து பாருங்கள்: மரத்துண்டு, கேபிள், காய்ந்த சிமென்ட் கட்டி, பேக்கிங் பட்டி. எடுத்தெறிந்தால் ஏறும். பெரும்பாலான நேரங்களில் இதைவிடப் பெரிய காரணம் இருக்காது.

ஒரு கிடங்கில் கூரையடி ஸ்பிரிங்க்ளர் குழாய் வேலை நடந்துகொண்டிருந்தது. வண்டி 'கொஞ்சம் ஆடுகிறது' என்று அழைத்தார்கள். போய்க் குனிந்து பார்த்தேன். இடப்பக்கத் தகடு மேலேயே நிற்கிறது. மேடையோ ஐந்து மீட்டரில், அதில் இரண்டு பேர். லிமிட் சுவிட்சின் கையைக் கட்டுக்கம்பியால் மூன்று சுற்றுச் சுற்றி, முனையை அழகாக முறுக்கி மடக்கி வைத்திருந்தார்கள். கம்பி கட்டுகிற ஆளின் கைவேலை என்று பார்த்தவுடனே தெரிந்தது. அப்படி ஒரு சுத்தம். இடது பின்சக்கரம் ஒரு வடிகால் மூடியின்மீது நின்றது. அந்த மூடியின் ஓரத்தில் தலைமயிர் கனத்துக்கு ஒரு விரிசல். அந்த வண்டியின் எடை சுமார் ஒன்றரை டன். ஒரு சக்கரத்தில் மட்டும் அரை டன் வரை விழலாம். மேலே இருந்தவர்களிடம், "நகராதீர்கள், ஓட்டாதீர்கள், நேராகக் கீழே இறக்குங்கள்" என்று மட்டும் சொன்னேன். இறங்கினார்கள். தகடு ஏன் இறங்கவில்லை என்று பார்த்தால், மூட்டில் வெல்டிங் பொறி விழுந்து உறைந்திருந்தது. உளியால் இரண்டு தட்டு, கிரீஸ் கொஞ்சம். பத்து நிமிட வேலை. கட்டுக்கம்பியைச் சுற்ற அதைவிட அதிக நேரம் ஆகியிருக்கும்.

எடையும் தகடும் சரி என்றால் பேட்டரிக்குப் போங்கள். ஓடுவதற்குக் குறைந்த மின்சாரம் போதும். மேடையைத் தூக்குவதற்கு நிறைய வேண்டும். அதனால் சார்ஜ் இறங்கிய வண்டி ஓடும், ஏறாது. ஹைட்ராலிக் எண்ணெய் அளவையும் பாருங்கள். மேடை முழுதாக இறங்கியிருக்கும்போதுதான் பார்க்க வேண்டும். மேலே ஏற்றிவைத்துப் பார்த்தால் எண்ணெய் சிலிண்டருக்குள் போயிருக்கும். குறைவாகத் தெரிகிறது என்று ஊற்றுவீர்கள், இறக்கும்போது தொட்டி வழிந்து தரையெல்லாம் எண்ணெயாகும்.

அறிகுறி: விடாமல் அலறுகிறது, ஏறாது, ஓடாது, இறங்க மட்டும் செய்கிறது

சாய்வு உணரி பேசுகிறது. ஜீனியில் எல்.எல். என்று வரும். சிறிய சிசர் லிஃப்டுகளில் பக்கவாட்டுக்கு 1.5 பாகை, முன்பின்னுக்கு 3 பாகை என்பது பொதுவான எல்லை. 1.5 பாகை என்றால் எவ்வளவு? ஒரு மீட்டர் அகலத்துக்கு இரண்டரை சென்டிமீட்டர் சரிவு. கண்ணுக்குத் தரை சமமாகத்தான் தெரியும். தண்ணீர் ஓடுவதற்காக வாட்டம் விட்டுப் போட்ட தரை, ஷட்டர் வாசல் அருகே உள்ள சரிவு, இரண்டு தளம் சேரும் இணைப்பு எல்லாம் இதில் மாட்டும். கொத்தனாரிடம் ரசமட்டம் வாங்கி வைத்துப் பாருங்கள். கண்ணைவிட அது நம்பகமானது.

செய்ய வேண்டியது ஒன்றுதான். முழுதாக இறக்குங்கள், சமமான இடத்துக்கு ஓட்டுங்கள், மறுபடி ஏற்றுங்கள். பள்ளமான பக்கத்துச் சக்கரத்துக்கு அடியில் பலகை கொடுத்துச் சமப்படுத்தலாமே என்று ஒவ்வொரு சைட்டிலும் ஒருவர் கேட்பார். கூடாது. மேடையில் ஒருவர் ஓரமாகச் சாய்ந்து இழுத்தாலே எடை ஒரு பக்கம் போய்விடும். பலகை நழுவும், அல்லது பிளக்கும். ஐந்து மீட்டர் உயரத்தில் இருப்பவருக்கு அந்தப் பலகையின் கனம் பல மடங்கு சாய்வாகத் தெரியும்.

தரை ரசமட்டப்படி சரியாக இருந்தும் அலறினால் உணரியின் திருகு தளர்ந்திருக்கலாம். அது மெக்கானிக்கின் வேலை. அளவு பார்த்துத்தான் பொருத்த வேண்டும், குத்துமதிப்பாக வைத்து இறுக்கக் கூடாது. இதன் மறுபக்கம் இன்னும் ஆபத்து: சாய்ந்திருந்தும் அலறாத வண்டி. கையேடு சொல்லும் தடிமனில் மரக்கட்டைகளை ஒரு பக்கத்துச் சக்கரங்களுக்கு அடியில் வைத்து, ஆளில்லா மேடையைத் தரையிலிருந்து கொஞ்சம் ஏற்றினால் அலறி நிற்க வேண்டும். சோதனைக்கு மட்டும் வைக்கும் கட்டை இது. முந்தைய பத்தியின் பலகையோடு குழப்பிக்கொள்ள வேண்டாம்.

அறிகுறி: இறங்கவில்லை

மேலே ஆள் இருக்கும்போது வரும் அறிகுறி இது ஒன்றுதான் எனக்குப் படபடப்பைத் தருவது. வண்டியால் அல்ல, மேலே இருப்பவரின் பொறுமையின்மையால். கத்தரிக்கோல் கைகளைப் பிடித்து இறங்கலாம் என்று கால் வைப்பார்கள். அந்த நேரம் பார்த்து மேடை இறங்கினால் காலும் கையும் நசுங்கும். முதல் வேலை, மேலே இருப்பவரை அங்கேயே நிற்கச் சொல்வது.

பிறகு சில நொடி காத்திருங்கள். பல வண்டிகளில் மேடை தரைக்கு இரண்டு மீட்டர் அளவு இருக்கும்போது தானே ஒரு முறை நிற்கும். கீழே யாராவது இருந்தால் விலகட்டும் என்று வைத்த இடைவேளை. பிடியை விட்டுவிட்டு, சில நொடி கழித்து மறுபடி இறக்கினால் இறங்கும். புதிய ஆபரேட்டர்கள் இதைப் பழுது என்று நினைத்து என்னை ஓசூர் வரை வரவழைத்திருக்கிறார்கள்.

உண்மையிலேயே நின்றுவிட்டது என்றால், சுற்றி ஒரு முறை நடந்து பாருங்கள். மேடைக் கம்பி ஏதாவது குழாயிலோ தூலத்திலோ கேபிள் டிரேயிலோ மாட்டியிருக்கிறதா? கைகளுக்கு நடுவே ஏணி, பலகை சிக்கியிருக்கிறதா? நீட்டிய மேடைப்பகுதி அலமாரியின்மீது உட்கார்ந்திருக்கிறதா? இங்கே விதி கண்டிப்பானது. மாட்டிக்கொண்ட மேடையை ஆளோடு சேர்த்து இழுத்து விடுவிக்கக் கூடாது. மேலிருந்து ஜாய்ஸ்டிக்கை முன்னும் பின்னும் ஆட்டிப் பார்ப்பதும் கூடாது. இன்னொரு லிஃப்டைப் பக்கத்தில் கொண்டுவந்து ஆளை முறையாக மாற்றிய பிறகுதான், கீழிருந்து மேடையை விடுவிக்க வேண்டும். மாட்டியது விடுபடும் நொடியில் மேடை எப்படித் துள்ளும் என்று யாராலும் சொல்ல முடியாது.

எங்கும் மாட்டவில்லை, மேல்பெட்டி மட்டும் கேட்கவில்லை என்றால், கீழே இருப்பவர் சாவியைத் தரை நிலைக்கு மாற்றி இறக்கலாம். அதுவும் இல்லையென்றால் அவசர இறக்கக் கைப்பிடி. அடிச்சட்டத்தில், பெரும்பாலும் ஏணி இருக்கும் பக்கத்தில், ஒரு குமிழோ கைப்பிடியோ இருக்கும். இழுத்துப் பிடித்தால் சிலிண்டரின் அடியில் உள்ள வால்வு திறந்து, மேடை தன் எடையாலேயே இறங்கும். பேட்டரி முழுவதும் செத்திருந்தாலும் இது வேலை செய்யும், ஏனென்றால் ஏறுவதற்குத்தான் மோட்டார் வேண்டும். இறங்குவதற்குப் புவியீர்ப்பு போதும். இந்தக் கைப்பிடி எங்கே இருக்கிறது என்று வண்டி வந்த முதல் நாளே கீழே நிற்கும் ஆளுக்குக் காட்டுங்கள். மேலே இருப்பவருக்கு மட்டும் தெரிந்து என்ன பயன்? அவர்தான் மேலே மாட்டிக்கொண்டு நிற்கிறாரே! ஒரு முறை நான் போனபோது, அந்தக் கைப்பிடியில் மதியச் சாப்பாட்டுப் பை தொங்கிக்கொண்டிருந்தது. மேலே இருந்தவர் நாற்பது நிமிடமாகக் காத்திருந்தார்.

அறிகுறி: ஏற்றி நிறுத்திய மேடை தானாகக் கொஞ்சம் கொஞ்சமாக இறங்குகிறது

ஆளை இறக்குங்கள், சாவியை எடுங்கள், 'ஓட்டக்கூடாது' என்று எழுதிய சீட்டைத் தொங்கவிடுங்கள். இறக்க வால்வுக்குள் தூசி சிக்கியிருக்கலாம். சிலிண்டருக்குள் சீல் தேய்ந்திருக்கலாம். அவசரக் கைப்பிடியின் கேபிள் இறுகி வால்வை லேசாகத் திறந்தே வைத்திருக்கலாம். மூன்றும் மெக்கானிக் பார்க்க வேண்டியவை. மத்தியானம் வரை ஓட்டிவிட்டு அப்புறம் பார்க்கலாம் என்ற பேரத்துக்கு இதில் இடமில்லை.

அறிகுறி: காலையில் நன்றாக ஓடி, மதியத்துக்குள் தளர்ந்துவிடுகிறது

நான்கு 6 வோல்ட் பேட்டரிகள் வரிசையாகச் சேர்ந்து 24 வோல்ட் தருகின்றன. முழு சார்ஜ் ஏறி, சில மணி நேரம் ஓய்ந்த பிறகு அளந்தால் மொத்தம் 25.4 வோல்ட் பக்கம் காட்ட வேண்டும். 24.2 காட்டினால் பாதிதான் இருக்கிறது. இந்தப் பேட்டரிகளுக்குப் பாதிக்குக் கீழே அடிக்கடி இறங்குவது ஆகாது.

சார்ஜ் ஏறாததற்கு நான் அதிகம் பார்க்கும் காரணம் எக்ஸ்டென்ஷன் ஒயர். விளக்குக்குப் போடும் மெல்லிய ஒயரை ஐம்பது மீட்டர் இழுத்து, நடுவில் இரண்டு இடத்தில் முறுக்கி டேப் ஒட்டி, அதில் சார்ஜரை மாட்டுவார்கள். முனையில் வோல்டேஜ் விழுந்துவிடும். சார்ஜர் இரவெல்லாம் கணகணத்துவிட்டு அரைகுறையாக நிற்கும். இன்னொரு காரணம், இரவு பத்து மணிக்குச் செக்யூரிட்டி ஷெட்டின் மெயின் சுவிட்சை அணைத்துவிட்டுப் போவது. சார்ஜரில் பச்சை விளக்கு வந்ததை யாராவது கண்ணால் பார்த்தார்களா என்று கேளுங்கள். ஒருவரும் பார்த்திருக்க மாட்டார்கள்.

தண்ணீர் விஷயம். டிஸ்டில்டு வாட்டர் மட்டுமே. குழாய்த் தண்ணீர் வேண்டாம், ஆசிட் ஒருபோதும் வேண்டாம். சார்ஜ் முடிந்த பிறகு ஊற்றுங்கள். முன்பே நிரப்பினால் சார்ஜ் ஏறும்போது பொங்கி வழியும். தகடு வெளியே தெரிகிற அளவுக்கு வற்றியிருந்தால் மட்டும், தகடு மூழ்கும் அளவு முதலில் ஊற்றி, சார்ஜ் முடிந்ததும் மீதியை நிரப்புங்கள். சார்ஜ் ஏறும்போது ஹைட்ரஜன் வரும். காற்றோட்டம் வேண்டும், பக்கத்தில் வெல்டிங்கும் பீடியும் கூடாது.

நான்கில் ஒன்று செத்திருந்தால் மற்ற மூன்றும் அதோடு சேர்ந்து தளரும். பேட்டரி ஆசிட்டின் அடர்த்தியைக் காட்டும் ஹைட்ரோமீட்டரில் நல்ல அறைகள் முழு சார்ஜில் 1.265 பக்கம் காட்டும். ஓர் அறை மட்டும் தனியாகக் கீழே நின்றால் அதுதான் ஆள். ஆனால் ஒன்றை மட்டும் புதிதாக மாற்றிப் பணம் மிச்சம் பிடிக்க நினைக்காதீர்கள். பழைய மூன்றும் சேர்ந்து புதியதைத் தங்கள் வயதுக்கு இழுத்துவிடும்.

அறிகுறி: ஏறுகிறது, இறங்குகிறது, ஆனால் நகரவில்லை

சார்ஜர் ஒயர் இன்னும் சுவரில் மாட்டியிருக்கிறதா? பல வண்டிகள் அப்போது ஓட மறுக்கும். அதுவும் நல்லதற்குத்தான்; இல்லையென்றால் சுவரிலிருந்து சாக்கெட்டோடு பிடுங்கிக்கொண்டு போயிருப்பீர்கள்.

நகர்கிறது, ஆனால் ஊர்கிறது என்றால், மேடை உயர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். உயர்ந்த நிலையில் வேகம் மணிக்கு 0.8 கிலோமீட்டர் அளவுக்குத்தான் விடும். இறக்கியும் ஊர்கிறது என்றால், பெட்டியில் ஆமைப் படமும் முயல் படமும் போட்ட பட்டன் இருக்கும். ஆமையில் விட்டிருப்பீர்கள்.

வண்டியைக் கையால் தள்ள பிரேக்கை விடுவிக்கும் வழி உண்டு. சக்கரத்துக்குக் கட்டை கொடுக்காமல், சாய்தளத்தில், அதைத் தொடாதீர்கள். பிரேக் விட்ட ஒன்றரை டன் இரும்பை இரண்டு பேர் கையால் நிறுத்த முடியாது. சாய்தளத்தில் நின்ற இடத்தில் நிற்காமல் வழுக்குகிற வண்டியும் அப்படித்தான். உடனே ஓரம்கட்டி நிறுத்த வேண்டியது.

அறிகுறி: இடதுக்குத் திருப்பினால் வலதுக்குப் போகிறது

வண்டியில் பழுதில்லை. கட்டுப்பாட்டுப் பெட்டியைக் கழற்றி மேடையின் எதிர்ப்பக்கக் கம்பியில் மாட்டியிருக்கிறீர்கள். இப்போது உங்கள் முன்பக்கம் வண்டியின் பின்பக்கம். சிரிக்கிற விஷயமாகத் தெரியலாம். ஆனால் தலைக்கு மேலே தூலமும் முதுகுக்குப் பின்னால் குழாயும் இருக்கும்போது தவறான திசையில் ஒரு தள்ளு போதும். கம்பிக்கும் தூலத்துக்கும் நடுவே மனிதன் சிக்குவான். பெட்டியிலும் அடிச்சட்டத்திலும் உள்ள அம்புக்குறிகளை ஒத்துப் பார்த்துவிட்டு, தள்ளும் திசையை முதலில் கண்ணால் பார்த்து, பிறகு தள்ளுங்கள்.

அறிகுறி: காற்றில் ஆடுகிறது

வெளியே எடுத்துப் போகுமுன் வண்டியின் பெயர்த்தகட்டில் உள்ள காற்று எல்லையைப் படியுங்கள். வெளி வேலைக்கு அனுமதித்த வண்டிக்கு அது பெரும்பாலும் நொடிக்கு 12.5 மீட்டர், அதாவது மணிக்கு 45 கிலோமீட்டர். வெளியே ஒரே ஆள்தான் என்றும் பல 19 அடி வண்டிகளில் போட்டிருக்கும். 0 என்று எழுதியிருந்தால் அந்த வண்டி கூரையை விட்டு வெளியே வரவே கூடாது. மேடைக் கம்பியில் பேனர் கட்டினால் பாய்மரம் கட்டியதற்குச் சமம். வெளியே மின்கம்பியும் உண்டு. வண்டி முழுவதும் இரும்பு, மின்காப்பு எதுவும் கிடையாது. 50 ஆயிரம் வோல்ட் வரையுள்ள கம்பிகளுக்குக் குறைந்தது 3 மீட்டராவது விலகி இருக்கச் சொல்வார்கள் உற்பத்தியாளர்கள். கம்பி காற்றில் ஊசலாடும் தூரத்தையும், மேடை ஆடும் தூரத்தையும் அதோடு கூட்டிக்கொள்ளுங்கள்.

அறிகுறி: தரையில் எண்ணெய்

சொட்டுகிற இடத்தைக் கையால் தடவித் தேடாதீர்கள். ஹோஸில் ஊசித்துளை விழுந்திருந்தால் அழுத்தத்தில் பீய்ச்சும் எண்ணெய் தோலைத் துளைத்து உள்ளே போகும். எறும்பு கடித்தது போலத்தான் முதலில் இருக்கும். சில மணி நேரத்தில் கை போகும் நிலைக்கு வந்துவிடும். அப்படி நேர்ந்தால் வலி இல்லாவிட்டாலும் மருத்துவமனைக்குப் போங்கள், உள்ளே ஹைட்ராலிக் எண்ணெய் ஏறியிருக்கிறது என்று தெளிவாகச் சொல்லுங்கள். கசிவைத் தேட ஓர் அட்டைத் துண்டு போதும். ஹோஸுக்கு எதிரே தள்ளிப் பிடித்தால் ஈரக்கோடு காட்டிக்கொடுக்கும்.

என்னை அழைப்பதற்கு முன்

இத்தனையும் பார்த்தும் தீரவில்லை என்றால், போனில் சொல்ல வேண்டியவை இவை: மாடல் பெயர், பெயர்த்தகட்டில் உள்ள வரிசை எண், திரையில் வரும் எண் அல்லது எழுத்து, மேடை உயர்ந்திருக்கிறதா இறங்கியிருக்கிறதா, மேலே ஆள் இருக்கிறாரா, கீழிருந்து இயக்கினால் கேட்கிறதா. கடைசியாக யார் எதைத் தொட்டார்கள் என்பதையும் மறைக்காமல் சொல்லுங்கள். திட்ட மாட்டேன். திட்டினாலும் அந்தத் தகவல் எனக்கு ஒரு மணி நேரத்தை மிச்சப்படுத்தும். திரையைப் படம் எடுத்து அனுப்பினால் நல்லது. பளபளப்பில் எண் மறையாமல், கட்டை விரல் குறுக்கே வராமல் எடுங்கள்.